கொக்கின் வெள்ளையும் நீர்க்காகத்தின் கருப்பும்

வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் ஒரு நீர்க்கடம்பு மரத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், காலை ஒன்பது மணி, மேகமில்லாத வானம். ஒரே கிளையில் ஒரு சின்னக் கொக்கும் ஒரு நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கின்றன. நடுவே இரண்டடிகூட இடைவெளி இல்லை. உங்களிடம் நல்ல நீள லென்ஸ் ஒன்று இருக்கிறது. கேமராவை ஆட்டோவில் வைத்துக் கொக்கை மட்டும் சட்டம் நிறைய எடுக்கிறீர்கள். பிறகு அதே மாதிரி நீர்க்காகத்தை எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் கொக்கு வெள்ளையாக இல்லை, மங்கிய சாம்பல். நீர்க்காகமும் கருப்பாக இல்லை, அதுவும் ஒரு சாம்பல். கேமராவில் எந்தப் பழுதும் இல்லை. அதை எதற்காகச் செய்தார்களோ அதைத்தான் அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் கொக்கும் தெரியாது, காக்கையும் தெரியாது. சட்டத்துக்குள் வரும் வெளிச்சத்தைச் சராசரி பார்த்து, அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பலாகப் பதிவாகும்படி ஷட்டரையோ ஐஎஸ்ஓ-வையோ நகர்த்துவதுதான் அதன் வேலை. மேலே விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். கோடாக் நிறுவனம் விற்ற சாம்பல் அட்டையால் பரவிய எண் இது. இன்றைய கேமராக்கள் 12, 13 விழுக்காட்டுக்குத்தான் அளவு வைத்திருக்கின்றன என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பறவை எடுப்பவருக்கு அந்த வழக்கால் பெரிய லாபமில்லை. புல், மண், மரப்பட்டை, மனித முகம், சட்டை எல்லாம் கலந்த சாதாரணக் காட்சி ஏறக்குறைய இந்தச் சாம்பலுக்குச் சமமாக இருக்கும். அதனால்தான் சுற்றுலாப் படங்களில் ஆட்டோ குறை வைப்பதில்லை. பறவைகள் அப்படிச் சராசரியாக இருப்பதில்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். அந்தக் கிளையில் விழும் வெயிலுக்குச் சரியான அளவு எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/1600 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை இறகு தன்மேல் விழும் ஒளியில் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்றால், அது ஒளிமானி எதிர்பார்க்கும் சாம்பலைப்போல் ஐந்து மடங்கு. ஒளிமானி என்ன நினைக்கும்? “இங்கே வெளிச்சம் ஐந்து மடங்கு அதிகம்” என்று எடுத்துக்கொண்டு ஷட்டரை 1/8000-க்குக் கொண்டுபோய்விடும். நீர்க்காகம் 4 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது என்றால் கதை தலைகீழ். ஷட்டர் 1/350 பக்கம் இறங்கிவிடும். ஒரே கிளை, ஒரே சூரியன், ஒரே நொடி. ஒளிமானி சொன்ன இரண்டு எண்களுக்கும் நடுவே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் இரண்டு பறவைகளுக்கும் சரியான எண் ஏறக்குறைய ஒன்றுதான்.

புகைப்படக்காரர்கள் இந்த மடங்குகளை ‘ஸ்டாப்’ கணக்கில் பேசுவார்கள். ஒளி இரட்டித்தால் ஒரு ஸ்டாப் மேலே, பாதியானால் ஒரு ஸ்டாப் கீழே. ஐந்து மடங்கு என்பது இரண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். கேமராவில் பிளஸ், மைனஸ் போட்டிருக்கும் ஈடுகட்டும் சக்கரம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு சின்னச் சமன்பாடு. கேமராவுக்கு வந்து சேரும் ஒளி என்பது, பறவையின் மேல் விழும் ஒளியை இறகு திருப்பி அனுப்பும் விகிதத்தால் பெருக்கிய தொகை. கேமராவுக்குக் கிடைப்பது அந்தப் பெருக்குத்தொகை மட்டும். அதிலிருந்து இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. திறந்தவெளி நிழலில் விழும் ஒளி நேர்வெயிலில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. நிழலில் நிற்கும் வெள்ளைக் கொக்கிடமிருந்து கேமராவுக்கு வரும் ஒளி, பத்தடி தள்ளி வெயிலில் நிற்கும் சாம்பல் நாரையிடமிருந்து வருவதைவிடக் குறைவாகவே இருக்கலாம். எது வெள்ளை, எது சாம்பல் என்று ஒளிமானி எதை வைத்துச் சொல்லும்?

நாம் சொல்லிவிடுகிறோம், அதுவும் யோசிக்காமல். நிழலில் நின்றாலும் கொக்கு நமக்கு வெள்ளைதான். கண்ணும் மூளையும் சேர்ந்து ‘இங்கே வெளிச்சம் குறைவு’ என்று கழித்துவிட்டு, பொருளின் சொந்த நிறத்தை நம்மிடம் நீட்டுகின்றன. பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதற்குப் பேர்போன சாட்சி. ஓர் உருளையின் நிழலுக்குள் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் வெளியே இருக்கும் ‘கருப்பு’க் கட்டமும் ஒரே சாம்பல் நிறத்தில் அச்சிடப்பட்டவை. தெரிந்துகொண்டு பார்த்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது. பழத்தையும் பாம்பையும் எந்த வெளிச்சத்திலும் அடையாளம் காண வேண்டியிருந்த உயிருக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் எக்ஸ்போஷர் மதிப்பிட வருகிறவருக்கு இதுவே முதல் தடை. வெளிச்சம் பாதியாகிவிட்டதைக்கூட நம் கண் கவனிக்காமல் கடந்துவிடும்.

ஒளிமானி செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1932-இல் வெஸ்டன் நிறுவனம் செலினியம் மின்கலத்தில் ஓடும் கையடக்க மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் வந்த நிக்கான் எஃப்ஏ கேமரா, காட்சியை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்து ஒப்பிட்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைக்கூடக் கண்டுபிடித்துக் கட்டம் போடுகின்றன. இவையெல்லாம் நல்ல ஊகங்கள். ஊகங்கள் என்பதைத் தாண்டி அவற்றால் போக முடியாது, மேலே சொன்ன சமன்பாடு விடாது. கேமராவிடம் இல்லாத ஒரு தகவல் உங்களிடம் இருக்கிறது. அது கொக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதாவது சமன்பாட்டில் ஓர் எண் உங்கள் கையில் இருக்கிறது. பறவையைத் தெரிந்தவர் எக்ஸ்போஷரில் பாதியைத் தெரிந்தவர்.

மீதிப் பாதியான விழும் ஒளியைச் சூரியன் ஏறக்குறைய இலவசமாகவே சொல்லிவிடுகிறது. சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விளக்கு அது. பறவை உங்களிடமிருந்து பத்து மீட்டரில் இருந்தாலும் நூறு மீட்டரில் இருந்தாலும், மரத்தில் இருந்தாலும் வானத்தில் பறந்தாலும், அதன்மேல் விழும் வெயில் மாறுவதில்லை. பிலிம் காலத்தில் இதை வைத்தே ஒரு விதி செய்தார்கள்: வெயில் நேராக, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16-இல் 1/400. லென்ஸை இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8-க்கு வந்தால் 1/1600. நீர்க்கடம்பு மரத்துக்கு நான் மேலே சொன்ன எண் இப்படி வந்ததுதான், எந்த மீட்டரும் காட்டியதில்லை. அந்த நாட்களில் பிலிம் பெட்டிக்குள்ளேயே வெயில், மெல்லிய மேகம், கனத்த மேகம் என்று சின்ன அட்டவணை அச்சடித்துக் கொடுப்பார்கள். பலர் அதைப் படிக்காமலே கிழித்துப் போட்டார்கள்.

மா. கிருஷ்ணன் போன்றவர்கள் படித்தவர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பாகங்களை இணைத்துத் தானே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, வண்ணம் வந்த பிறகும் கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். பின்னால் பார்த்துத் திருத்திக்கொள்ள அந்தக் கேமராவில் திரை கிடையாது. ஷட்டரை அழுத்தும் முன்பே இது வெளிச்சம், இது தோல், இது நிழல் என்று மனத்துக்குள் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் வீட்டில் கழுவும்போது ஏதாவது மிஞ்சும். இன்று திரை வந்துவிட்டதால் அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பறக்கும் பறவை முன்னால் வந்ததும் அந்த நினைப்பு கலைந்துவிடும்.

கொக்கு கிளையை விட்டு எழும்புகிறது. முதல் இரண்டு விநாடி அதன் பின்னணி கருவேல மரங்களின் அடர்ந்த பச்சை. சட்டத்தில் பெரும்பகுதி இருட்டு, ஆகவே ஒளிமானி எக்ஸ்போஷரை ஏற்றுகிறது. கொக்கு வெந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. அடுத்து ஏரித் தண்ணீர் பின்னணியாக வருகிறது, வெயில் பட்டு மின்னும் அலைகள், எக்ஸ்போஷர் இறங்குகிறது. பிறகு வானம், வெளிறிய வானம். இன்னும் இறங்குகிறது, கொக்கு சாம்பலாகிறது. விநாடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவில் இந்த மூன்று கட்டமும் சேர்ந்து நூற்றுக்கும் மேல் படங்கள், ஒவ்வொன்றிலும் கொக்குக்கு ஒரு நிறம். ஆனால் கிளையிலிருந்து வானம்வரை கொக்கின் முதுகில் அடித்தது ஒரே வெயில். கொக்குக்கு எதுவும் ஆகவில்லை, அதன் பின்னால் இருந்த திரைதான் மாறிக்கொண்டே போனது. மேனுவலில் ஓர் எண்ணைப் பூட்டிவிட்டு எடுத்திருந்தால் அத்தனை படங்களிலும் கொக்கு ஒரே வெள்ளையாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். கொக்கு சிறகைத் தூக்கும்போது அடிப்பக்கம் நிழலில் போகும்; தண்ணீருக்குப் பக்கத்தில் பறந்தால் கீழிருந்து கொஞ்சம் ஒளி ஏறும். திரையில் அந்த நிழலைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றாதீர்கள். நிழல் நிழலாக வந்தால்தான் சிறகுக்குத் திரட்சி வரும்.

சரி, 1/1600 கொக்குக்கு அப்படியே பொருந்துமா? பெரும்பாலும் இல்லை, கொஞ்சம் குறைக்க வேண்டும். ஏன் என்பதற்குச் சென்சாருக்குள் போக வேண்டும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் விழும் ஃபோட்டான்களுக்கு ஏற்ப எலக்ட்ரான்களைச் சேர்த்து வைக்கிறது. பெரிய சென்சார்களில் சில பத்தாயிரம்வரை கொள்ளும். நெல் அளக்கும் மரக்கால் மாதிரிதான். நிரம்பிய பிறகு எவ்வளவு கொட்டினாலும் கணக்கில் ஏறாது, வழிந்ததை அள்ளவும் முடியாது. கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இறகும் தோளில் இருக்கும் இறகும் வெவ்வேறு அளவு ஒளியை அனுப்பியிருக்கும். இரண்டு பிக்சலும் நிரம்பிவிட்டால் இரண்டும் ஒரே எண். இறகு என்று ஒன்று அங்கே இருந்ததற்கான தடயமே கோப்பில் இருக்காது.

கொக்கிடம் இது இன்னும் கொடுமை. வெள்ளை இறகில் வெள்ளைச் சாயம் கிடையாது. நிறமி இல்லாத கெரட்டினும் இடையிடையே அடைபட்ட காற்றும் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வருவது அந்த வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் வழியும் மெல்லிய தூவிகளைக் கிட்டத்தில் பாருங்கள்: ஒவ்வொரு இழையும் அடுத்ததன்மேல் மயிரிழை நிழல் ஒன்றை விழவைக்கிறது. வெளிச்சமான இழைக்கும் நிழலுக்கும் வித்தியாசம் அற்பம். கொக்கின் அழகு முழுக்க அந்த அற்ப வித்தியாசத்தில்தான் இருக்கிறது, அதுவோ மரக்காலின் வாய்விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வெயிலில் நிற்கும் வெள்ளைப் பறவைக்கு அடிப்படை எண்ணிலிருந்து முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைப்பது வழக்கம். 1/1600 என்பது 1/3200 ஆகும்.

அப்படியானால் எதற்கு வம்பு, இன்னும் நன்றாகக் குறைத்து எடுத்துப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஃபோட்டான்கள் மழைத்துளியைப்போல ஒழுங்கின்றி வந்து விழுபவை. சராசரியாக 10,000 வரவேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும். அதாவது ஒரு விழுக்காடு, கண்ணுக்கே தெரியாது. 100 மட்டும் வரும் இருட்டான இடத்தில் ஏற்ற இறக்கம் 10, பத்து விழுக்காடு. அதுதான் நிழல்களில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சல். 14 பிட் கோப்பின் 16,384 படிகளில் பாதியை மேல்மட்ட ஒரு ஸ்டாப்பே எடுத்துக்கொள்கிறது என்பதைப் பழைய கட்டுரைகள் காரணமாகச் சொல்லும். கணக்கு சரிதான், ஆனால் மூலகாரணம் இந்த ஃபோட்டான் இரைச்சல். இன்னொன்று: ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் ஒளி கூடுவதில்லை. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஷட்டரும் அபர்ச்சரும்தான் இருக்கின்றன.

ஆகவே நோக்கம், வெள்ளை வழியாத அளவுக்கு எவ்வளவு ஒளி வாங்க முடியுமோ அவ்வளவையும் வாங்குவது. வழிந்ததா என்று பார்க்க, படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் அடுக்கிக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. இருண்ட மரப் பின்னணியில் கொக்கு சின்னதாக இருந்தால் இடப்பக்கம் பெரிய மேடு ஒன்று எழும்பியிருக்கும். ‘எல்லாம் இருட்டு, ஏற்று’ என்று கை பரபரக்கும். வலப்பக்க ஓரத்தில் தரையோடு தரையாக, கவனித்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடு ஒன்று போயிருக்கும் பாருங்கள், அதுதான் கொக்கு. மேட்டை விட்டுவிட்டு அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். அது வலது சுவரைத் தொடாமல் பக்கத்தில் நின்றால் போதும். வெந்துபோன இடங்கள் திரையில் சிமிட்டும் வசதியையும் எப்போதும் போட்டு வையுங்கள். இரண்டும் ஜேபெக் படத்தை வைத்துக் காட்டப்படுபவை, ஆகையால் ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். உங்களுடையதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்ணப் பறவைகளில் வெள்ளையே இல்லாமலும் இந்த வழிதல் நடக்கும். வெயிலில் மாங்குயிலின் மஞ்சளை எடுக்கும்போது சிவப்பு அலைவரிசை மட்டும் முதலில் நிரம்பிவிடும், மொத்த ஹிஸ்டோகிராம் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். விளைவு, இறகு அடுக்குகள் அழிந்து தட்டையான மஞ்சள் பூச்சு. மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். பனங்காடை சிறகு விரிக்கும்போது தெறிக்கும் நீலத்துக்கு நீலச் சாயம் காரணமில்லை, இறகின் நுண்ணமைப்பு காரணம்; சி. வி. ராமன் 1934-இல் அந்த இறகுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தேன்சிட்டின் மினுமினுப்பும் நுண்ணமைப்பால் வருவதுதான், ஆனால் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. தலையைச் சற்றுத் திருப்பினால் ஊதா அணைந்து கருப்பாகிவிடும். அந்தக் கருப்பைத் துரத்தி எக்ஸ்போஷரை ஏற்றினால், மறுபடி திரும்பும் நொடியில் ஊதா வெந்துவிடும். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, தலை திரும்பக் காத்திருப்பதே சரி.

கருப்புப் பறவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரிச்சான், காக்கை, நீர்க்காகம் தனியாக இருந்தால் அடிப்படை எண்ணிலிருந்து அரை அல்லது முக்கால் ஸ்டாப் ஏற்றுங்கள். பிறகு கணினியில் இறக்கிக்கொண்டால் கருப்பு இரைச்சலின்றி வரும். நாமக்கோழிக்கு இது ஆகாது: உடம்பெல்லாம் கரி, நெற்றியில் பளீரென்று வெள்ளை நாமம். அங்கே நாமத்துக்குத்தான் முதல் மரியாதை. கொக்கும் நீர்க்காகமும் ஒரே கிளையில் இருந்தாலும் அப்படியே. கொக்குக்கு எண் வையுங்கள். இரண்டுக்கும் இடையே நாலரை ஸ்டாப்தான், இன்றைய நல்ல சென்சார் பத்து ஸ்டாப்புக்கு மேல் தாங்கும். கருப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வழிந்த வெள்ளையை இறக்க வழியில்லை.

இந்த விதிகள் எல்லாம் சூரியன் நிலையாக இருக்கும்வரைதான். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேகம் வந்து வந்து போகும். பூட்டிவைத்த எண் பொய்யாகும். அப்போது மேனுவல் பிடிவாதம் வேண்டாம். ஷட்டரையும் அபர்ச்சரையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்கள், பின்னணியைப் பார்த்து ஈடுகட்டுங்கள். மேகம் மூடிய வெள்ளை வானத்தில் பறக்கும் பருந்துக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் பிளஸ், இல்லாவிட்டால் நிழலுருவம்தான் கிடைக்கும். சூரியனுக்கு எதிர்த் திசையில் இருக்கும் தெளிந்த நீலவானம் கிட்டத்தட்ட நடுச்சாம்பலுக்குச் சமம்; அதில் பறப்பதற்குப் பெரிதாக ஈடு தேவையில்லை. இருட்டுப் பின்னணியில் சின்னதாக நிற்கும் வெள்ளைக்கு மைனஸ். வெள்ளைப் பறவை என்றாலே பிளஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். சட்டத்தை எது நிறைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒளிமானி தவறும்.

பழகுவதற்கு வேடந்தாங்கலுக்குப் போக வேண்டியதில்லை. மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கும் காக்கையும் ஒன்றாகவே இருக்கும். வெயில் ஏறிய பிறகு கேமராவை மேனுவலில் வைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, கொக்குக்கு 1/3200, மற்றவற்றுக்கு 1/1600 என்று தொடங்குங்கள். ஒளிமானியின் முள் எங்கே ஆடினாலும் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் கேமராவிலும் லென்ஸிலும் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் இப்படியோ அப்படியோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கேமராப் பையின் மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஏரிக்கரைக்குப் போனதும் பறவை வரும் முன்பே அந்த எண்ணை வைத்துவிடுங்கள். வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.